கெப்பின் பின் ஸ்பிரிங், புஷ், ஷக்கிள் மாற்றுதல்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப் ஓடுகிறது. கொட்பேயிலிருந்து மீன், தம்பலகாமத்திலிருந்து நெல், இடையில் யாராவது வீடு கட்டினால் சீமெந்து, கம்பி. அதன் பின்பக்க ஸ்பிரிங் வேலையை இரண்டு தடவை வீட்டு முற்றத்திலேயே மச்சானோடு சேர்ந்து செய்திருக்கிறேன். முதல் தடவை போட்ட புது புஷ் நாலு மாதத்தில் கிழிந்துபோனது. ஏன் கிழிந்தது என்று தேடிப் படித்து, அனுபவமுள்ள மெக்கானிக்மாரிடம் கேட்டு, இரண்டாம் தடவை சரியாகச் செய்தோம். அதற்குப் பிறகு தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த வண்டிகளுக்கு இது பொருந்தும்?

பின்பக்கம் தகட்டு ஸ்பிரிங் உள்ள எல்லாக் கெப்புக்கும். ஹைலக்ஸ், மிட்சுபிஷி எல் 200, இசுசு டி-மெக்ஸ், போர்ட் ரேஞ்சர், மஹிந்திரா பொலேரோ பிக்கப் எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். நிசான் நவாராவின் புதிய தலைமுறையில் சில மாடல்களுக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் வருகிறது. அது வேறு வேலை. கீழே குனிந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்: ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய நீளத் தகடுகள் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

ஷக்கிள், சென்ரர் போல்ட் என்றெல்லாம் சொல்கிறார்கள். எது எங்கே இருக்கிறது?

மேலே இருக்கும் நீளமான தகடுதான் மெயின் தகடு. அதன் இரு முனையும் சுருண்டு கண் மாதிரி இருக்கும். அந்தக் கண்ணுக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் போல்ட். முன் கண் சேசிஸில் அசையாமல் பூட்டியிருக்கும். பின் கண் நேரடியாகச் சேசிஸில் இல்லை. இரண்டு சிறு இரும்புத் துண்டுகளில் தொங்குகிறது, அதுதான் ஷக்கிள். பாரம் ஏறும்போது ஸ்பிரிங் தட்டையாகி நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கவே ஷக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. தகடுகள் அடுக்கிய இந்த ஸ்பிரிங் கட்டினை அக்சிலோடு இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். தகடுகளை ஒன்றாகக் கோர்ப்பது சென்ரர் போல்ட். அதன் தலை அக்சிலில் உள்ள துளைக்குள் உட்கார்ந்து, அக்சில் முன்பின் நகராமல் பார்த்துக்கொள்கிறது.

தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அளந்து பாருங்கள். சமமான நிலத்தில் வெறும் வண்டியை நிறுத்தி, இரு பின் ரயருக்கும் ஒரே காற்று அடித்து, சில்லின் நடுவிலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளக்க வேண்டும். எங்கள் கெப்பில் ஒரு பக்கம் 51 சென்ரிமீட்டர், மற்றப் பக்கம் 48 வந்தது. கண்ணால் பார்த்தபோது வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பாரம் குறைந்த பக்கத்தில் ஸ்பிரிங் எப்போதும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும். சாரதி ஏறும் பக்கமோ டீசல் தாங்கி இருக்கும் பக்கமோ முதலில் தாழலாம்.

அப்புறம் கீழே படுத்து ஒவ்வொரு தகட்டையும் கம்பித் தூரிகையால் உரசிப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் சென்ரர் போல்ட்டுக்குப் பக்கத்திலும் கண் சுருளும் இடத்திலும் வரும். தகட்டின் குறுக்கே கறள் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தால் அதை விடாதீர்கள், அது பெரும்பாலும் வெடிப்புத்தான். புஷ்ஷைப் பார்க்க, ஷக்கிளுக்கும் கண்ணுக்கும் இடையில் ஒரு சிறிய அலவாங்கை விட்டு நெம்புங்கள். ரப்பரின் மேல்தோலில் சின்ன வெடிப்புகள் இருந்தால் பரவாயில்லை. போல்ட் கண்ணின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அல்லது நெம்பும்போது இரும்போடு இரும்பு முட்டினால், புஷ்ஷின் காலம் முடிந்தது.

நேரான வீதியிலும் வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து போகிறது. அலைன்மென்ட் பார்த்தால் சரியாகுமா?

ஆகாது. சென்ரர் போல்ட் முறிந்தோ, யூ போல்ட் தளர்ந்தோ பின் அக்சில் ஒரு பக்கம் பின்னால் நகர்ந்திருக்கலாம். இப்படி இருந்தால் கந்தளாய்க்கோ ஹபரணைக்கோ பாரத்தோடு புறப்பட வேண்டாம். இரு பக்கமும் முன் கண் போல்ட்டிலிருந்து அக்சிலின் நடுவரை அளந்து ஒப்பிட்டால் உடனே தெரியும்.

எங்கள் ஊரில் இந்தச் சாமான்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகின்றன?

எல்லாரும் வீதியைக் குற்றம் சொல்கிறார்கள். என் கணிப்பில் பாதிக் காரணம் உப்பு.

மீன் ஏற்றும் கெப்பைக் கவனியுங்கள். ஐஸ் உருகி, மீனின் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து, பெட்டியின் இடுக்குகளால் ஒழுகுகிறது. அது நேராக விழுவது பின் ஸ்பிரிங்கின் மேல், ஷக்கிளின் மேல். தகடுகளின் இடையில் புகுந்த தண்ணீர் லேசில் காயாது. உள்ளே கறள் பிடித்துப் பருத்து, தகட்டைத் தகடு தள்ளும். புஷ்ஷின் உள்குழாயும் போல்ட்டும் கறளால் ஒட்டிப்போகும். கறள் தின்ற குழியில்தான் வெடிப்பு தொடங்கும். மீன் ஏற்றாத வண்டிக்கும் கடற்காற்று இருக்கிறது. இரவு முழுதும் டச்சுக் குடாப் பக்கம் நிறுத்தும் வண்டியும் கந்தளாயில் நிறுத்தும் வண்டியும் ஒரே வயதில் ஒரே நிலையில் இருப்பதில்லை.

கிண்ணியாவுக்குப் பாலம் 2009 இல் திறந்தது. அதற்கு முன்பு பாதையில் (வாகனம் கடத்தும் மிதவைப் படகில்) ஏற்றி இறக்கிய காலத்துக் கெப்புகள் இன்னும் சில ஓடுகின்றன. அவற்றின் கறள் பிடித்த சேசிஸைப் பார்த்தால் உப்பு என்ன செய்யும் என்று தெரியும். போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இடைவெளியில் பழைய வண்டிகளையே எல்லாரும் இழுத்துப் பிடித்து ஓட்டினோம்.

பழுதான பக்கத்தை மட்டும் மாற்றலாமா?

மாற்றாதீர்கள். புது ஸ்பிரிங் ஒரு பக்கமும் களைத்த ஸ்பிரிங் மறுபக்கமும் இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கவும் கூடும். ஸ்பிரிங், புஷ், ஷக்கிள், ஷொக் (அதிர்வு தாங்கி) எதுவானாலும் சோடியாக மாற்றுவதே முறை.

என்னென்ன வாங்கிவைக்க வேண்டும்?

ஸ்பிரிங் கட்டு மாற்றுவதென்றால் கட்டு இரண்டு, முன் கண் புஷ், பின் கண் புஷ், சேசிஸ் பக்கத்து ஷக்கிள் புஷ், ஷக்கிள் இரண்டு சோடி, கண் போல்ட்டும் நட்டும், யூ போல்ட் நாலு, அவற்றுக்குப் புது நட்டு. அக்சில் சேசிஸில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் ரப்பர் நசுங்கியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூ போல்ட்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பழையதைக் கழற்றித் திரும்பப் பூட்டுவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. யூ போல்ட் இறுக்கும்போது இழுபட்டு நீளும், அந்த இழுவைதான் ஸ்பிரிங்கை அக்சிலோடு பிடித்து வைக்கிறது. ஒருமுறை நீண்டு, புரியில் கறளும் ஏறிய யூ போல்ட் அதே பிடியை மறுபடி தராது. ஸ்பிரிங் கட்டின் விலையோடு பார்த்தால் இது சின்னக் காசு. தயவுசெய்து புதிதாகப் போடுங்கள். கடைக்குப் போகும்போது பழையதையே கையில் கொண்டுபோங்கள்: கம்பியின் பருமன், இரு காலுக்கும் இடையிலான அகலம், நீளம், வளைவு வட்டமா சதுரமா, இந்த நாலும் பொருந்த வேண்டும்.

நகரில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். போனில் "ஹைலக்ஸ் ஸ்பிரிங்" என்று மட்டும் சொல்லி எடுப்பித்தால் அலைச்சல்தான் மிஞ்சும். சேசிஸ் இலக்கம், மாடல் ஆண்டு, தகடுகளின் எண்ணிக்கை, தகட்டின் அகலமும் தடிப்பும் சொல்லுங்கள். சில வண்டிகளில் இடது ஸ்பிரிங்கும் வலது ஸ்பிரிங்கும் ஒன்றல்ல என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் கழற்றிய பழைய கட்டு நல்லதா?

வெடிப்பும் ஆழமான கறள் குழியும் இல்லாமல், இரண்டும் ஒரே வண்டியிலிருந்து வந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே வளைவாக இருந்தால் வாங்கலாம். ஜப்பானிலும் பனிக் காலத்தில் வீதிக்கு உப்புப் போடும் பகுதிகள் இருக்கின்றன, அதனால் "ஜப்பான் சாமான், கறள் இருக்காது" என்ற பேச்சை நம்பாமல் உரசிப் பாருங்கள். புஷ்ஷை மட்டும் பழையதாக வாங்கவே வேண்டாம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் முதிர்ந்து இறுகிப்போகும்.

தாழ்ந்த ஸ்பிரிங்கைப் பட்டறையில் வளைத்து எடுத்தால் போதாதா?

வளைத்தெடுத்தால் உயரம் வரும், நிற்காது. ஸ்பிரிங் உருக்குக்கு அதன் வலு சூடாக்கி, எண்ணெயில் ஆற்றி, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தியதால் வந்தது. சம்மட்டியால் குளிர அடித்து வளைக்கும்போது அந்தப் பதம் திரும்பி வருவதில்லை, களைத்த உருக்கு களைத்ததாகவே இருக்கும். கையில் காசு இல்லாதபோது கொஞ்ச நாள் ஓட்ட உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. அப்படிச் செய்தால் பாரத்தைக் குறையுங்கள்.

முறிந்த தகட்டை வெல்டிங் செய்வது வேறு விடயம். அதைச் செய்யவே கூடாது. வெல்டிங் சூடு பட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வரும். அடுத்த முறிவு அதே இடத்தின் ஓரத்தில், பெரும்பாலும் பாரத்தோடு ஓடும்போது நடக்கும்.

நெல் மூட்டை ஏற்ற ஒரு தகடு கூட்டிப் போடலாமா?

இந்தக் கேள்விதான் கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்திலிருந்து அதிகம் வரும். அறுவடைக் காலத்தில் வண்டி குந்திக்கொண்டு போவதைப் பார்க்க யாருக்கும் மனம் கேட்காது, விளங்குகிறது.

கூட்டிப் போட்டால் பின்பக்கம் தாழாது. ஆனால் வண்டி தாங்கும் பாரம் ஒரு கிலோகூட அதிகரிக்காது. பாரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் மட்டுமல்ல. அக்சில், பெயாரிங், சேசிஸ், ரயர், பிரேக் எல்லாம் பழையபடிதான் இருக்கின்றன. குந்திக்கொண்டு போகும் வண்டி "அளவு தாண்டிவிட்டாய்" என்று சாரதிக்குச் சொல்கிறது. தகடு கூட்டினால் அந்தச் சொல் கேட்காமல் போகும். வெறும் வண்டியாகத் திரும்பி வரும்போது பின் சில்லு குதிக்கும், மழை வீதியில் வளைவில் வழுக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. ஹைலக்ஸ் உட்படப் பல கெப்புகளில் பின் அக்சிலுக்கு மேலே சேசிஸில் ஒரு சின்ன வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பி அக்சிலுக்குப் போகும். பாரம் ஏறிச் சேசிஸ் தாழும்போது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. தகடு கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்தினால், பாரம் இருந்தும் வண்டி வெறுமை என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். முழுப் பாரத்தோடு பிரேக் குறைந்த வண்டி எப்படிப்பட்டது என்று நான் சொல்லத் தேவையில்லை. உயரம் மாறினால் இந்த வால்வைக் கையேட்டில் உள்ள அளவுப்படி சரிசெய்தே ஆக வேண்டும். ஸ்பிரிங் மாற்றும்போது அந்தக் கம்பியை வளைத்துவிடவும் வேண்டாம்.

மணல் முற்றத்தில் ஜக் வைத்து இந்த வேலையைச் செய்யலாமா?

சீமெந்துத் தரை இருந்தால் அங்கே போங்கள். இல்லாவிட்டால் ஜக்குக்கும், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே அகலமான தடித்த பலகை அல்லது இரும்புத் தகடு வைக்க வேண்டும். உப்புவெளி, நிலாவெளி மணலில் பலகை இல்லாமல் வைத்த ஸ்டாண்ட் ஒரு பக்கமாய் இறங்கிச் சாயும்.

சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். கல் எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் உடையும். ஜக்கில் மட்டும் நிற்கும் வண்டிக்குக் கீழே தலையை விடுவதும் அதே மாதிரித்தான்.

கைப் பிரேக் போட்டிருக்கிறேன், கியரில் விட்டிருக்கிறேன் என்று ஆறுதல் அடையாதீர்கள். இந்த இரண்டும் பிடிப்பது பின் சில்லைத்தான். பின்பக்கம் தூக்கியவுடன் இரண்டுக்கும் வேலை இல்லை. முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடியுங்கள்.

போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

இந்த ஊரில் வேலையின் பாதி நேரம் இதற்குத்தான் போகும். மூன்று நாள் முன்பே புரிகளைக் கம்பித் தூரிகையால் துடைத்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து, தினமும் திரும்ப அடியுங்கள். நட்டுக் கழன்ற பிறகும் போல்ட் வராவிட்டால் அது புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டியிருக்கிறது. போல்ட்டைத் திருப்பினால் ரப்பரும் சேர்ந்து முறுகுவது தெரியும். அந்த நிலையில் மல்லுக்கட்டாமல், கண்ணுக்கும் பிரக்கெட்டுக்கும் இடையில் போல்ட்டை இருபக்கமும் வெட்டிவிடுவது நல்லது. புது போல்ட் முதலே வாங்கி வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன் கண்ணுக்கு அருகில்தான் பல வண்டிகளில் எரிபொருள் தாங்கி இருக்கும், பிரேக் குழாயும் வயரும் ஓடும். அந்தப் பக்கத்தில் கிரைண்டர், காஸ் டோர்ச் வேண்டாம், கை வாளால் அறுங்கள். சில வண்டிகளில் தாங்கியைக் கொஞ்சம் இறக்கினால்தான் போல்ட் வெளியே வரும். ஸ்பிரிங் கண்ணைச் சூடாக்கிப் புஷ்ஷை எரித்தெடுக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் புகை நஞ்சு, அந்தச் சூடு ஸ்பிரிங்கின் பதத்தையும் கெடுக்கும். புஷ்ஷின் வெளிக்குழாயை வாள் அலகால் நீளவாக்கில் அறுத்தால் கையாலேயே தட்டி எடுக்கலாம்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது?

ஒரு பக்கம் முழுதாக முடித்த பிறகே மறுபக்கம். மறுபக்க ஸ்பிரிங் பூட்டியிருந்தால்தான் அக்சில் தன் இடத்தில் நிற்கும்.

சில்லு நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, முன் கண் பிரக்கெட்டுக்குச் சற்று முன்னால் சேசிஸின் இருபுறமும் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜக்கை எடுத்து அக்சிலுக்குக் கீழே மாற்றி, அதன் பாரத்தை மட்டும் தாங்க விடுங்கள். ஷொக்கின் கீழ்ப் போல்ட், பிறகு யூ போல்ட், பிறகு ஷக்கிள், கடைசியாக முன் கண். அக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸிலும் கைப் பிரேக் கேபிளிலும் கண் வையுங்கள். அக்சில் பிரேக் ஹோஸில் தொங்கும் நிலை வரவே கூடாது. ஸ்பிரிங் கட்டு ஒரு ஆள் தூக்கும் பாரம் அல்ல, துணைக்கு ஒருவர் கட்டாயம்.

புதியதை ஏற்றுமுன் எது முன்பக்கம் என்று பாருங்கள். பல கெப்புகளில் சென்ரர் போல்ட் சரி நடுவில் இல்லை, முன்பாதி கட்டையாக இருக்கும். திருப்பிப் போட்டால் அக்சில் இடம் மாறிவிடும். முன் கண்ணை முதலில், ஷக்கிளை அடுத்து, இரண்டையும் கையால் இறுக்கும் அளவுக்கு மட்டும். பிறகு அக்சிலை மெதுவாக உயர்த்தி, சென்ரர் போல்ட்டின் தலை துளைக்குள் சரியாக உட்காருவதைக் கண்ணால் பார்த்துவிட்டு யூ போல்ட்டைப் போடுங்கள். நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். இரு காலிலும் வெளியே தெரியும் புரி ஒரே நீளமாக இருக்கட்டும்.

எங்கள் புஷ் ஏன் நாலு மாதத்தில் கிழிந்தது?

சில்லு காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கண் போல்ட்டையும் ஷக்கிள் போல்ட்டையும் முழு இறுக்கம் இறுக்கிவிட்டோம். அதுதான் காரணம்.

ரப்பர் புஷ் பெயாரிங் மாதிரிச் சுற்றுவதில்லை. உள்குழாயைப் போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, வெளிக்குழாய் கண்ணோடு இறுகி இருக்கிறது, நடுவில் உள்ள ரப்பர் முறுகி நிமிர்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அந்தத் தொங்கல்தான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கியவுடனேயே அது முறுகிவிடும். பாரம் ஏற்றினால் இன்னும் முறுகும். நிற்கும்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும் ரப்பர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

ஆகவே, சில்லைப் பூட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் தள்ளுங்கள். முதலில் யூ போல்ட்டின் கடைசி இறுக்கம், பிறகு கண் போல்ட், ஷக்கிள் போல்ட். எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி வேறு. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பானரால் இறுக்குங்கள். இந்த ஸ்பானர் எல்லா வீட்டிலும் இருக்காது, தெரிந்த கராஜில் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினோம்.

கராஜில் கொடுத்துச் செய்விக்கிறவர்களும் இந்த ஒன்றை மட்டும் பக்கத்தில் நின்று கேளுங்கள்: "இறக்கிப்போட்டு இறுக்கினீங்களா?"

ரப்பர் புஷ் நல்லதா, பொலியூரித்தேன் நல்லதா?

பாரம் ஏற்றிக் கிரவல் வீதியில் ஓடும் வண்டிக்கு நான் ரப்பர்தான் போடுவேன். சத்தம் குறைவு, பராமரிப்பு இல்லை. பொலியூரித்தேன் எண்ணெய்க்குத் தாங்கும், கையால் தள்ளியே பூட்டலாம், அதற்கு சிலிக்கோன் கிறீஸ் வேண்டும். சாதாரணக் கிறீஸை ரப்பர் புஷ்ஷில் பூசாதீர்கள், ஊதிப் பழுதாகும். கிறீஸ் நிப்பிள் (கிறீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள பழைய வகை ஷக்கிள் முளைக்கு மட்டும் கிறீஸ் அடிக்க வேண்டும், அதையும் மறக்காமல்.

ஷொக் போய்விட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

கார் மாதிரி அமுக்கிப் பார்த்தால் கெப்பில் சரியாகத் தெரியாது, ஸ்பிரிங் அவ்வளவு இறுக்கம். உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் போய்விட்டது. இல்லாவிட்டால் மோசமான வீதியில் இருபது நிமிடம் ஓடிவிட்டு இரண்டையும் புறங்கையால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷொக் சூடாக இருக்கும். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

எந்தக் காலத்தில் செய்வது நல்லது?

மீன் வண்டிக்காரருக்கு மாரியில்தான் ஓய்வு, கடல் கொந்தளிக்கும் மாதங்கள். ஆனால் அப்போது முற்றமெல்லாம் சேறு, ஸ்டாண்ட் நிற்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தரை காய்ந்திருக்கும், மணல் பறந்து புரிக்குள் ஏறும். எங்களுக்குப் பொருந்தியது மாரி முடிந்து, தரை இறுகிய மாசி, பங்குனி. கறள் பிடித்த வண்டிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

முடித்த பிறகு என்ன பார்க்க வேண்டும்?

கன்னியா வரை வெறுமையாக ஒரு ஓட்டம் போய்வந்து யூ போல்ட்டை டோர்க் ஸ்பானரால் சரிபாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை. புதுத் தகடுகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது யூ போல்ட் கொஞ்சம் தளர்வது இயல்பு. பின்பக்கம் உயர்ந்திருப்பதால் ஹெட்லைட் இப்போது கீழே பார்க்கும், அதையும் சரிசெய்ய வேண்டும்.

மீன் ஏற்றிய அன்றே அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவுங்கள். கரையோர வீடுகளில் பல கிணறுகள் உவர், அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய மாதிரி. குழாய்த் தண்ணீர் அல்லது நன்னீர்க் கிணறு வேண்டும். கழிவு எண்ணெயை அடிப்பக்கம் முழுதும் விசிறும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம், அது புஷ்ஷைக் கெடுக்கும், முற்றத்து மண்ணையும் கெடுக்கும். பெட்டிக்குள் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டு, உருகும் தண்ணீரைக் குழாய் வைத்துப் பின்கதவுக்கு வெளியே எடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஷக்கிளில் ஒரு சொட்டும் விழவில்லை.